முஹர்ரம் பிறையும் நம் வீட்டு வாசிப்பும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

முஹர்ரம் பிறை தென்பட்டதும் ஹிஜ்ரிக் கணக்கில் ஓர் ஆண்டு கூடுகிறது. நம் ஆயுளிலோ ஓர் ஆண்டு குறைகிறது. கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், கி.பி. 638-ஐ ஒட்டி, ஸஹாபாக்கள் கலந்து ஆலோசித்தே இந்த ஆண்டுக் கணக்கை வகுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா வந்த ஆண்டே அதில் முதலாம் ஆண்டாக அமைந்தது. ஆண்டுப் பிறப்பு என்று பண்டிகை கொண்டாட மார்க்கத்தில் இடமில்லை. ஆனால் கணக்குப் பார்க்க இது நல்ல நேரம். மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று உபதேசித்தவர்களும் அதே உமர் (ரலி) அவர்கள்தாம்.

கடைக்காரர் ஆண்டுக்கொரு முறை பேரேட்டைப் புரட்டி, சரக்கை எண்ணி, வரவும் செலவும் சரி பார்க்கிறார். குர்ஆனோடும் ஹதீஸோடும் நமக்குள்ள வரவு செலவை எந்தப் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்? சென்ற ரமலானில் ஓதிய குர்ஆன் ஷரீப், ஷவ்வால் பிறை கண்டதும் உறையிலிட்டு மாடத்தில் ஏறியது. அது எத்தனை முறை கீழே இறங்கிற்று? ஒவ்வொரு வீட்டாரும் தமக்குள் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி இது.

"இந்த ஆண்டு நிறைய ஓத வேண்டும் ஹள்ரத்" என்று சொல்லாதவர் இல்லை. அந்த "நிறைய" என்பது எவ்வளவு என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலர். விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திக்கிலும் தண்டவாளம் பிரிகிறது. ஊர் எது, வண்டி எது என்று முடிவு செய்யாமல் நடைமேடையில் நிற்பவருக்குப் பயண ஆசை இருக்கலாம், பயணம் இராது. அளவு குறிக்காத ஆசையும் அப்படித்தான். அதற்காக எட்டாத அளவைக் குறித்துக் கொள்வதும் சரியாகாது. இதற்கு நபி (ஸல்) அவர்களின் திருச்சபையிலேயே ஒரு பாடம் நடந்திருக்கிறது.

ஓர் இளைஞருக்கு நடத்தப்பட்ட பாடம்

அப்துல்லாஹ் இப்னு அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் இளமையிலேயே வணக்கத்தில் மூழ்கியவர்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் ஓதல், ஒவ்வோர் இரவும் முழுக் குர்ஆன். தந்தையார் அவர்களுக்குக் குறைஷிக் குலத்தில் நல்லதோர் இடத்தில் மணமுடித்து வைத்தார்கள். பின்னர் மருமகளிடம் உன் கணவர் எப்படி என்று விசாரித்தார்கள். அந்த அம்மையார் கணவரை நல்லவர் என்று புகழ்ந்தார்கள். தம் பக்கம் அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பதையும் நாகரிகமாகத் தெரிவித்து விட்டார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது.

நபி (ஸல்) அவர்கள் அந்த இளைஞரை அழைத்து விசாரித்து, மாதத்தில் மூன்று நாள் நோன்பு வைக்குமாறும், மாதத்திற்கு ஒரு முறை குர்ஆனை ஓதி முடிக்குமாறும் சொன்னார்கள். தம்மால் இன்னும் அதிகம் முடியும் என்றார் இளைஞர். நபியவர்கள் சற்றுக் கூட்டிக் கொடுத்தார்கள். இன்னும் முடியும் என்றார். இப்படியே பேச்சு வளர்ந்து, நோன்பு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றும், குர்ஆன் ஏழு நாளைக்கு ஒரு முறை என்றும் முடிவாயிற்று.

காலம் உருண்டது, முதுமை வந்தது. அன்று நபி (ஸல்) அவர்கள் காட்டிய சலுகையை ஏற்றிருக்கக் கூடாதா என்று அதே அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஏங்கினார்கள். ஆயினும், நபியவர்களிடம் எந்த நிலையில் விடைபெற்றோமோ அந்த நிலையை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. இரவில் ஓத வேண்டிய ஏழில் ஒரு பாகத்தைப் பகலிலேயே தம் வீட்டார் ஒருவரிடம் ஓதிக் காட்டிப் பார்த்துக் கொள்வார்கள், இரவில் அது இலகுவாக வேண்டும் என்பதற்காக. இந்த நிகழ்ச்சி புகாரி ஷரீபில் இடம் பெற்றுள்ளது.

இதிலிருந்து நாம் மூன்று படிப்பினைகளைப் பெறுகிறோம். ஒன்று, ஓதலுக்கு அளவு குறித்துக் கொள்வது நபிவழியிலேயே உள்ள காரியம். இரண்டு, அந்த அளவை நம் பலமான நாளை வைத்துக் குறிக்கக் கூடாது. பலவீனமான நாளிலும் தூக்க முடிகிற சுமையாக அது இருக்க வேண்டும். மூன்று, தனியாகச் சுமக்கும்போது கனப்பது வீட்டாரோடு சேரும்போது இலகுவாகிறது. இரவில் எழுந்து தொழுது வந்து பின்னர் விட்டுவிட்ட ஒருவரைச் சுட்டிக் காட்டி, அவரைப் போல் நீர் ஆகிவிடாதீர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததும் இதே அப்துல்லாஹ் (ரலி) அவர்களைத்தாம். அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான அமல், குறைவாயினும் நிலைத்துச் செய்யப்படுவதே என்ற ஹதீஸும் நாம் அறிந்ததே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாட்கள். சில ஆண்டுகளில் 355. இன்று பரவலாகக் கிடைக்கும் மதீனா பதிப்பு முஸ்ஹபில் 604 பக்கங்கள் உள்ளன. நாளொன்றுக்கு 2 பக்கம் ஓதினால் 302 நாட்களில் ஒரு கத்தம் நிறைவேறும். காய்ச்சல், கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்று 52 நாட்கள் தவறினாலும் ஆண்டு முடிவதற்குள் குர்ஆன் முடிந்து விடும். ரமலானில் ஓதுவது இதற்கு மேல் கிடைக்கும் இலாபம். திருத்தமாக ஓதத் தெரிந்தவருக்கு 2 பக்கத்திற்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் போதும். பஜ்ருக்குப் பின் ஒரு பக்கம், இஷாவுக்குப் பின் ஒரு பக்கம் என்று பிரித்துக் கொண்டால் சுமையே தெரியாது.

பெண்களுக்குக் கணக்கு சற்று மாறும். மாதவிலக்கு நாட்களில் குர்ஆன் ஓதலாகாது என்பது ஹனபி, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் சட்டம். மாதம் 7 நாட்கள் என்று வைத்தால் ஆண்டில் 84 நாட்கள் கழியும், எஞ்சுபவை 270. தாய்மார்கள் 3 பக்கம் என்று வைத்துக் கொண்டால் 202 நாட்களில் கத்தம் நிறைவேறும். அப்போதும் 68 நாட்கள் கையிருப்பில் இருக்கும். விலக்குடைய நாட்களை வீண் நாட்களாக எண்ண வேண்டாம். நபிமொழி நூல்களையும் நபிமார் வரலாற்றையும் படிக்க அந்த நாட்களை ஒதுக்குங்கள். திக்ருக்கும் ஸலவாத்துக்கும் எந்தத் தடையும் இல்லை.

இனிப் பொருளறிதல். நம் முன்னோர் காலத்தில் முழுக் குர்ஆனுக்கும் தமிழில் தர்ஜமா கிடைப்பது அரிது. ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் பல்லாண்டு பாடுபட்டு உருவாக்கிய தர்ஜமா 1949-ல் முழுமையாக வெளிவந்தது. இன்று தர்ஜமாக்கள் பல உள்ளன, படிப்பவர்தாம் குறைவு. குர்ஆனில் 6,236 ஆயத்துகள் என்பது பரவலான கணக்கு. நாளைக்கு 10 ஆயத்துகளின் பொருளைப் படித்தால் 624 நாட்களில், அதாவது இரண்டு ஹிஜ்ரி ஆண்டுகளுக்குள், முழுக் குர்ஆனின் பொருளையும் ஒரு முறை படித்தவராவீர்கள். இரண்டு ஆண்டா என்று மலைக்க வேண்டாம். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஸூரத்துல் பகராவைக் கற்பதற்கு மட்டும் எட்டு ஆண்டுகள் எடுத்துக் கொண்டார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணப்படுகிறது. படிக்கும்போது எழும் சந்தேகங்களைத் தாமாகவே முடிவு கட்டி விடாமல், குறித்து வைத்து ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

ஹதீஸுக்கு இமாம் நவவி (ரஹ்) அவர்களின் "அர்பஈன்" நல்ல தொடக்கம். பெயர் நாற்பது என்று இருந்தாலும் அதில் 42 ஹதீஸ்கள் உள்ளன. ஹிஜ்ரி ஆண்டுக்கு 50 வாரமும் 4 நாளும். வாரம் ஒரு ஹதீஸ் வீதம் 42 வாரம் போக, ரமலானின் நான்கு வாரத்தைக் குர்ஆனுக்கென்றே விட்டாலும், படித்ததைத் திருப்பிப் பார்க்க மேலும் நான்கு வாரம் மிஞ்சுகிறது. இலக்கியச் சுவை உடையவர்கள் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுக்கலாம். அதில் 92 படலங்கள். வாரம் இரண்டு படலம் என்றால் 46 வாரத்தில் முடியும். இந்நூல்களை விலை கொடுத்து வாங்க இயலாதோர் பொது நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். விழுப்புரத்தில் மாவட்ட மைய நூலகமும், திண்டிவனத்தில் கிளை நூலகமும் இருக்கின்றன. பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்த்து விடுவது பெற்றோருக்குச் சிறு செலவு. பிள்ளைகளுக்கோ பெரும் சொத்து.

ஆளுக்கேற்ற அளவு

திண்டிவனத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக் கொள்வோம். காலையில் கடை திறந்தால் இரவு கல்லாவைக் கட்டும் வரை அவருக்கு ஓய்வில்லை. அவர் நாளொன்றுக்கு ஒரு ஜுஸ்வு என்று வைத்தால் பத்தாம் நாள் நின்று விடும். கடை திறக்கும் முன் 2 பக்கம் என்று வைத்தால் அது நிலைக்கும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு அன்றாடம் ரயிலில் வேலைக்குச் செல்பவர், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் கடக்கும் நேரத்தில் கைப்பேசியைத் தள்ளுவதை விட்டு, அந்த வாரத்து ஹதீஸை ஒரு முறை படித்து மனத்தில் அசை போடலாம். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்றால் வார முடிவில் அது தானாகவே மனப்பாடமாகி விடும்.

அலிஃப், பே கூட மறந்து போயிற்றே என்று கூசுகிற பெரியவர்கள் நம்மில் உண்டு. பேரன் ஓதும்போது தாம் வாய் மூடி இருக்க நேர்வதை எண்ணி அவர்கள் உள்ளுக்குள் நொந்து கொள்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஆறுதல்: திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரியைப் பள்ளி இமாமிடமோ, மதரஸாவில் ஓதும் தம் பேரப் பிள்ளையிடமோ ஓதிக் காட்டித் திருத்திக் கொள்ள வேண்டும். பாட்டனார் பேரனிடம் பாடம் கேட்பதில் இழுக்கில்லை. முதுமையில் தம் வீட்டாரிடம் ஓதிக் காட்டிய ஸஹாபியின் வழி அது.

இரண்டு மஸ்அலாக்கள்

முதலாவது: மனத்தில் நிய்யத் வைத்து, "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லித் தொடங்குங்கள். இவ்வளவு ஓதுவது அல்லாஹ்வுக்காக என் மீது நேர்ச்சை என்று வாயால் மொழிந்து விடாதீர்கள். நேர்ச்சை செய்து விட்டால் நபிலான அந்த அமல் நிறைவேற்றியே தீர வேண்டிய கடமையாக மாறிவிடும். உற்சாகத்தில் சொல்லிவிட்டுப் பின்னர் பரிகாரம் தேடி அலைவானேன்?

இரண்டாவது: ஒரு நாள் தவறினால் என்ன செய்வது? இரவில் ஓதும் வழக்கமான பாகத்தை ஓதாமல் உறங்கிவிட்டவர், அதைப் பஜ்ருக்கும் ளுஹருக்கும் இடையில் ஓதினால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் ஷரீபில் வந்துள்ளது. எத்தகைய கருணை இது! தவறியதை மறுநாள் காலையிலேயே ஈடு செய்து விடுங்கள். பத்து நாள் பாக்கி சேர்ந்து விட்டதா? பாக்கியைக் கண்டு பயந்து முழுவதையும் கைவிட வேண்டாம். இன்றைய பாகத்தை இன்று ஓதி, மறுபடியும் தொடங்குங்கள். விட்ட இடத்தில் தொடங்குவோரை அல்லாஹ் வெறுப்பதில்லை. விட்டுவிட்டே போவோரைத்தான் ஷைத்தான் விரும்புகிறான்.

அன்புச் சகோதரர்களே, தாய்மார்களே! இந்த வாரத்திலேயே ஒரு நாள் மஃரிபுக்குப் பின் வீட்டார் எல்லாரும் ஒன்றாக அமருங்கள். ஒரு தாளில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவரவர் தாமே சொல்லும் அளவை எதிரில் குறியுங்கள். பிள்ளை அரைப் பக்கம் என்றால் அரைப் பக்கமே எழுதுங்கள், கூட்டிப் போடாதீர்கள். அந்தத் தாளைத் தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வாரம் ஒரு நாள் ஒருவருக்கொருவர் ஓதிக் காட்டுங்கள். கண்டிப்பதற்காக அல்ல, தூக்கி விடுவதற்காக.

தன் ஆயுளை எதில் கழித்தான், தன் கல்வியைக் கொண்டு என்ன செய்தான் என்று கேட்கப்படாமல் மறுமையில் எந்த அடியானின் பாதமும் நகராது. அந்த நாளில் நம் பெரிய பெரிய ஆசைகள் விடையாகா. சிறிதாயினும் விடாமல் ஓதிய பக்கங்களே விடையாகும். அடுத்த முஹர்ரம் பிறையைக் காணும் பாக்கியம் யாருக்கு என்று நாம் அறியோம். ஆகவே இன்றைய 2 பக்கத்தை இன்றே ஓதுவோம்.

வல்ல அல்லாஹ் குர்ஆனை நம் உள்ளங்களின் வசந்தமாகவும், நம் வீடுகளின் ஒளியாகவும், நம் கப்ரின் துணையாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.