கார்னிஷ் பாய்லரும் ஒரு மொழியின் கதையும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



கார்னிஷ் பாய்லருக்கும் லங்காஷயர் பாய்லருக்கும் என்ன வித்தியாசம்? நம்ம மெக்கானிக்கல் பசங்களை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. உள்ளே ஒரு ஃப்ளூ டியூப் இருந்தா கார்னிஷ், ரெண்டு இருந்தா லங்காஷயர். எழுதினா ரெண்டு மார்க். அதோடு மறந்துவிடுவோம்.

ஆனால் 'கார்னிஷ்' என்றால் என்ன? அது ஆளின் பெயரா, ஊரின் பெயரா? இந்தச் சந்தேகம் வந்து லைப்ரரியில் தேடப் போனவன், பாய்லரை விட்டுவிட்டு ஒரு மொழியின் கதைக்குள் போய்விட்டேன். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஊரும் பேரும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதிதான் கார்ன்வால். மூன்று பக்கம் கடல். நாலாவது பக்கம் பெரும்பாலும் டேமர் ஆறுதான் எல்லை. தகரமும் செம்பும் தோண்டியும், மீன் பிடித்தும் பிழைத்த ஜனங்கள். ஆழத்தில் ஊறும் தண்ணீரை இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அதனால்தான் நீராவி இயந்திரம் அங்கே அப்படி வளர்ந்தது. ரிச்சர்ட் ட்ரெவிதிக் 1801-ல் கேம்போர்ன் ஊரில் நீராவி வண்டியை ஓட்டிக் காட்டினார். 1812 வாக்கில் அவர் அமைத்த பாய்லர்தான் நம்ம பாடத்தில் வரும் கார்னிஷ் பாய்லர்.

இந்த மக்களுக்கு ஆங்கிலம் இல்லாத வேறு ஒரு சொந்த மொழி இருந்தது. அதன் பெயர் கெர்னவெக். வெல்ஷ் மொழிக்கும், பிரான்சின் பிரெட்டன் மொழிக்கும் அது உடன்பிறப்பு. 'ட்ரெ' என்றால் குடியிருப்பு, 'பொல்' என்றால் குளம், 'பென்' என்றால் தலை அல்லது முனை. ட்ரெவிதிக் என்ற பெயரிலேயே 'ட்ரெ' இருக்கிறது பாருங்கள்! பென்சான்ஸ் என்ற ஊருக்குப் 'புனிதமான முனை' என்று பொருள். அங்கே பல சுரங்கங்களின் பெயர் 'வீல்' என்று தொடங்கும். அது நம்ம வண்டிச் சக்கரம் இல்லை; வேலை செய்யும் இடம் என்று அர்த்தம்.

மூன்று நாள் நாடகம்

கெர்னவெக் மொழியின் பெரிய சொத்து அதன் நாடகங்கள். 'ஆர்டினாலியா' என்பது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட மூன்று நாடகங்களின் தொகுப்பு. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து இயேசு உயிர்த்தெழுவது வரை, ஒரு நாளைக்கு ஒன்று என்று மூன்று நாள் நடிப்பார்கள். பென்ரின் ஊரில் 1265-ல் தொடங்கிய கிளாஸ்னி என்ற சமயக் கல்லூரியில் இது எழுதப்பட்டிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. வட்டமாக மண் மேடு எழுப்பி, நடுவில் நடிப்பார்கள். ஜனங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். செயின்ட் ஜஸ்ட் ஊரில் அப்படி ஒரு வட்ட அரங்கம் இன்றும் இருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. சாலமோன் ராஜா கோயில் கட்டிய கொத்தனார்களுக்குப் பரிசு தருகிறார். என்ன பரிசு தெரியுமா? பென்ரின் பக்கத்து ஊர் நிலங்கள்! ஜெருசலேம் கதையில் தங்கள் ஊர் பெயரைக் கேட்டதும் கூட்டம் எப்படிச் சிரித்திருக்கும்! 1504-ல் எழுதி முடித்த 'மெரியாசெக்கின் வாழ்க்கை' என்ற நாடகமும் கிடைத்திருக்கிறது. 2000-ல் வேல்ஸில் ஒரு பேராசிரியரின் காகிதங்களுக்கு நடுவிலிருந்து, அதுவரை யாருக்கும் தெரியாத இன்னொரு கெர்னவெக் நாடகமே வெளியே வந்தது. ஒரு பழைய பேப்பர் கட்டுக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்!

மொழி எப்படித் தேய்ந்தது?

ஒரே நாளில் எந்த மொழியும் சாவதில்லை. 1548-ல் கிளாஸ்னி கல்லூரி மூடப்பட்டது. எழுதுகிறவர்களுக்கு இருந்த இடம் போச்சு. 1549-ல் எல்லாக் கோயில்களிலும் ஆங்கில ஜெபப் புத்தகம்தான் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. எங்களில் சிலருக்கு இங்கிலீஷே தெரியாது என்று கார்ன்வால்காரர்கள் எதிர்த்தார்கள். உங்களுக்கு லத்தீன் மட்டும் தெரிந்திருந்ததா என்று ஆட்சியாளர்கள் திருப்பிக் கேட்டார்கள். கலகம் வெடித்தது, ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

வெல்ஷ் மொழிக்கு 1588-லேயே முழு பைபிள் கிடைத்தது. வாரா வாரம் கோயிலில் அந்த மொழி ஒலித்தது, அது நின்றது. கெர்னவெக்குக்கு அப்படி ஒரு புத்தகம் அன்றைக்குக் கிடைக்கவில்லை. வியாபாரத்துக்கு இங்கிலீஷ், கோர்ட்டுக்கு இங்கிலீஷ், கோயிலுக்கும் இங்கிலீஷ் என்று ஆனபிறகு, பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று பெற்றவர்களே சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். மொழி மேற்கு நோக்கி ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் மீனவர்கள் வாயில் போய் நின்றது.

மவுசல் என்ற மீனவ ஊரில் மீன் விற்ற டாலி பென்ட்ரீத் என்ற பாட்டி 1777-ல் இறந்தார். கெர்னவெக் பேசிய கடைசி ஆள் என்று அவரைத்தான் பலரும் சொல்வார்கள். அது முழுக்க சரியில்லை. அதே ஊரில் வில்லியம் போடினார் என்ற மீனவர் 1776-ல் கெர்னவெக்கிலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் எழுதினார். தான் ஒரு ஏழை மீனவன் என்றும், சின்னப் பையனாக வயசானவர்களோடு கடலுக்குப் போய் இந்த மொழியைக் கற்றதாகவும், இப்போது ஊரில் நாலைந்து பேருக்குத்தான் இது தெரியும் என்றும் அதில் எழுதினார். அவர் 1789-ல் இறந்தார். அந்தச் சின்னக் கடிதத்தை இன்றும் பண்டிதர்கள் படிக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய தொழிலாளி மக்கள்

மொழி போனாலும் எழுத்து நிற்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதிலும் நம்மைப்போல உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள் எழுதினார்கள்.

ஜான் ஹாரிஸ் 1820-ல் பிறந்தவர். சிறுவனாகவே டோல்கோத் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். மை வாங்கக் காசில்லாமல் பிளாக்பெர்ரி பழச்சாற்றைத் தொட்டுக் கவிதை எழுதினார். 1853-ல் முதல் புத்தகம் வந்தது. 1864-ல் ஷேக்ஸ்பியரின் 300-வது ஆண்டையொட்டி நடந்த கவிதைப் போட்டியில் பெரிய பெரிய படிப்பாளிகளைத் தாண்டி முதல் பரிசு வாங்கினார்!

ஏ.எல். ரௌஸ் வெள்ளைக் களிமண் தோண்டும் தொழிலாளியின் மகன். வீட்டில் புத்தகம் கிடையாது. ஸ்காலர்ஷிப் வாங்கி ஆக்ஸ்போர்டு போய்ப் பெரிய சரித்திர ஆசிரியர் ஆனார். 1942-ல் தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. ஜாக் கிளெமோவும் அதே களிமண் பூமிதான். காது கேட்காது, 1955 வாக்கில் கண்ணும் போய்விட்டது. ஆனாலும் களிமண் மேடுகளையும் சூளைகளையும் வைத்தே கவிதை எழுதினார். சார்லஸ் காஸ்லி கடற்படையில் இருந்துவிட்டு, சொந்த ஊரான லான்செஸ்டனில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து கொண்டே எழுதினார்.

மேட்டுக்கு வந்த மொழி

1904-ல் ஹென்றி ஜென்னர் கெர்னவெக் மொழிக்கு ஒரு கையேடு வெளியிட்டார். செத்த மொழியைப் படித்து என்ன லாபம் என்று கேட்டவர்களுக்கு, நாங்கள் கார்ன்வால்காரர்கள் என்பதே காரணம் என்கிற மாதிரி பதில் சொன்னார். 1929-ல் ராபர்ட் மோர்டன் நான்ஸ், பழைய நாடகங்களை வைத்து ஒரு எழுத்து முறையை ஒழுங்குபடுத்தினார். 1984-ல் கெர்னவெக்கில் முழு நாவல் வந்தது. 2002-ல் பிரிட்டிஷ் அரசு இந்த மொழியை அங்கீகரித்தது. 2008-ல் எல்லோருக்கும் பொதுவான எழுத்து முறை ஏற்பட்டது. அழிந்த மொழி என்று பட்டியல் போட்டிருந்த யுனெஸ்கோ, 2010-ல் அதைத் திருத்தியது. 400 வருஷமாக இல்லாதிருந்த முழு பைபிள் 2011-ல் வந்தது. 2018-ல் க்வென்னோ என்ற பாடகி முழுக்க கெர்னவெக்கிலேயே ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்.

2011 கணக்கெடுப்பில் இதைத் தன் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் 557 பேர்தான். நம்ம பாலிடெக்னிக் ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் பூஜ்யத்திலிருந்து 557 என்பது சின்ன கணக்கா?

எனக்கு ஏன் இது முக்கியம்?

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. 1866-ல் செம்பு விலை சரிந்த பிறகு கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று உலகம் பூராவும் பிழைக்கப் போனார்கள். அப்படி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்து போன நம்ம ஜனங்களும் அங்கே பூமிக்கு அடியில் உழைத்தார்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அங்கேதான் வேலை செய்தார். 2001-ல் சுரங்கம் மூடும்வரை இருந்தார்.

திண்ணையில் உட்கார்ந்து சுரங்கக் கதை சொல்வார். கூண்டில் இறங்குவது, வெடி வைப்பது, பாறை 'பேசும்' சத்தம்... அதற்கெல்லாம் அவரிடம் தனித்தனி வார்த்தை இருந்தது. நான் ஃபஸ்ட் இயர் சேர்ந்த புதுசு. இங்கிலீஷ் வரவில்லையே என்ற கவலையில் டிக்ஷனரியும் கையுமாக இருந்தேன். "அப்புறம் கேக்கிறேன் தாத்தா" என்று சொல்லிச் சொல்லியே ரெண்டு வருஷம் போச்சு. போன வருஷம் தாத்தா தவறிவிட்டார். அந்த வார்த்தைகளில் எனக்கு நினைவிருப்பது பத்துகூடத் தேறாது.

போடினார் ஒரு மீனவர். பெரிய படிப்பு இல்லை. ஆனால் அவர் எழுதி வைத்தார். நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன்; எழுதாமல் விட்டேன்.

நண்பர்களே, இங்கிலீஷ் நமக்கு வேணும். ஹாரிஸும் ரௌஸும் அதில்தான் ஜெயித்தார்கள். ஆனால் உங்கள் வீட்டில் தறி நெய்கிறவர், கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறவர், கடலுக்குப் போகிறவர் யாராவது இருந்தால், இந்த லீவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அவர்கள் சாமான்களுக்கு என்ன பெயர், வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள். ரெகார்டு நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது கஷ்டமா என்ன?

நான் அம்மாவிடமிருந்து தொடங்கிவிட்டேன். தாத்தா சொன்னதில் அம்மாவுக்கு ஞாபகம் இருப்பது இதுவரை 31 வார்த்தை!