கை ஊன்றாமல் எழ முடிகிறதா?



சென்ற மழைக்காலத்தில் ஒரு பெரியவர் எங்கள் ஆண்கள் வார்டுக்கு வந்தார். அரக்கோணத்தில் ரயில்வே கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. வயிறு முன்தள்ளி நின்றது, தொடைகளோ மெலிந்துபோயிருந்தன. "உடம்பு போட்டிருக்கேன் ஐயா, பலம்தான் எங்கே போச்சுன்னு தெரியல" என்றார். நாங்கள் ஜெபித்துவிட்டு, "இனிச் சிரமப்படாதீர்கள், நன்றாக ஓய்வெடுங்கள்" என்று சொல்லி வந்தோம். வருஷக்கணக்காக எல்லாரிடமும் இதையே சொல்லிவந்தோம்.

பிசியோதெரபி சகோதரி எங்களை வராந்தாவில் நிறுத்தி, அது தவறென்று எடுத்துச் சொன்னார்கள். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியோரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோயிற்று. எங்கள் ஆலோசனையால் எத்தனை பேருடைய கால்கள் தளர்ந்தனவோ!

இந்தத் தசைக் குறைவுக்கு 1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்பவர் 'சார்க்கோபீனியா' என்று பெயரிட்டார். இறையியல் கல்லூரியில் கிரேக்கு படித்த எங்களுக்கு இது உடனே விளங்கிற்று. 'சார்க்ஸ்' மாம்சம், 'பெனியா' வறுமை. தசை குறைந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் தராசு பழைய எடையையே காட்டும், மனிதரும் ஏமாந்துபோவார். நம் நாட்டவருக்கு இந்த ஆபத்து அதிகம். 2004-ல் புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யட்கின் ஆகிய இருவரும் தங்களையே ஒப்பிட்டு எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

ஆகவே தராசை நம்பாமல் இடுப்பை அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. பிறகு கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்கவேண்டும் என்பது ஆசிய மருத்துவர்களின் 2019-ம் வருஷ அளவுகோல். நாங்களும் செய்துபார்த்தோம், 14 ஆயிற்று.

இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. சிகிச்சை, தசைக்குப் பாரம் கொடுப்பதே. 1990-ல் பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பலவீனரான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். முடித்தவர்களின் கால்பலம் சராசரியாக இருமடங்குக்கும் மேலாயிற்று.

தொப்பையைக் குறைக்க இராச்சாப்பாட்டை விட்டுவிடுகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. வெறும் பட்டினியில் கொழுப்போடு தசையும் போய்விடும். 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடல் பருத்த 160 முதியோரில், உணவைக் குறைத்து, நடையும் எடைப்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களே அதிகம் தேறினார்கள்.

எண்பது வயதான பர்சிலா, உண்பதின் ருசி தனக்குத் தெரியவில்லை என்று தாவீது ராஜாவிடம் சொன்னதை அறிவீர்கள். நம் பெரியவர்களும் அப்படியே டீயும் பன்னுமாக, கஞ்சியும் ஊறுகாயுமாக நாளைக் கழித்துவிடுகிறார்கள். 60 கிலோ எடையுள்ள முதியவருக்குத் தினமும் 60 முதல் 72 கிராம் புரதம் நல்லதென்கிறார்கள் நிபுணர்கள். ஒரு முட்டையில் 6 கிராம், கால் லிட்டர் பாலில் 8 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் அளவில் கிடைக்கும். சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், மீன் இவற்றைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாத்திரம் டாக்டரைக் கேட்காமல் கூட்டவேண்டாம்.

அந்தப் பெரியவர் கட்டு பிரித்தபின் வாரம் மூன்று நாள் வந்தார். முதலில் கட்டில் விளிம்பிலிருந்து எழும்பப் பழகினார். பிறகு கணுக்காலில் மணல்பை கட்டிக் காலை நீட்டி மடக்கினார். பத்தாவது வாரம், கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்தார். பேரன் சத்தமாய் எண்ணினான். இடுப்பளவு ஒரு விரற்கடைதான் இறங்கியிருக்கிறது. அதற்கு இன்னும் நாளாகும் என்கிறார்கள் சகோதரி.