கல்லூரி ஆசிரியரின் வேலையளவு

ஆரணியிற் பட்டு நெய்வோரின் உழைப்பைத் தறியிலமர்ந்த நேரத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் முறையன்று. நூலுக்குச் சாயந்தோய்த்தலும், பாவை விரித்துச் சீர்செய்தலும், பழம்பாவின் நுனியோடு புதுப்பாவை இழையிழையாய்ப் பிணைத்தலும் முடிந்த பின்னரே நாடா ஓடும். கல்லூரி ஆசிரியரின் வேலையும் இத்தகையதே. வகுப்பிற் பேசுவது நமக்குப் புலனாகின்றது, ஏனைய புலனாவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகள் முழுநேர ஆசிரியர்க்கு வாரம் 40 மணிக்குக் குறையாத வேலையை வகுத்தன. அதில் நேரடிப் போதனை உதவிப் பேராசிரியர்க்கு 16 மணி. இணைப் பேராசிரியர்க்கும் பேராசிரியர்க்கும் 14 மணி. ஆராய்ச்சிக்குக் குறைந்தது 6 மணி. ஓர் உதவிப் பேராசிரியரின் வாரத்தைக் கணக்கிடுவோம். போதனையும் ஆராய்ச்சியும் போக எஞ்சுவன 18 மணி. ஒரு மணிப் பாடத்திற்கு ஒரு மணி ஆயத்தம் எனக் கொண்டால் (செய்யுட் பாடத்திற்கு இது போதாதென்பதைத் தமிழ் மாணவர் அறிவர்) மிஞ்சுவன இரண்டே மணி. அவ்வாரம் 60 மாணவர் கட்டுரை எழுதித் தந்திருப்பின், ஒன்றுக்குக் கிடைப்பது 2 நிமிடம். அதற்குள் பிழையைச் சுழிக்கலாம். அது பிழையான காரணத்தை எழுத இயலாது. தேர்வுப் பணியும் சேர்க்கைப் பணியும் இக்கணக்கில் இன்னும் நுழையவேயில்லை.

ஆகவே 16 என்னும் எண் இருவர்க்கும் ஒன்றாயிருப்பதனால் மட்டும் பங்கீடு நேரியதாகாது. ஒரே பாடத்தை இரு பிரிவுகளுக்கு நடத்துவோர் ஒருமுறை ஆயத்தஞ்செய்தாற் போதும். நான்கு வெவ்வேறு பாடம் நடத்துவோர்க்கு அவ்வாய்ப்பில்லை. துறைத்தலைவர் கால அட்டவணை வகுக்குங்கால், மணிக்கு அருகே பாடங்களின் தொகையையும் திருத்தவேண்டிய தாட்களின் தொகையையும் எழுதிப் பார்த்தல் வேண்டும். கட்டுரை மிகுந்த வகுப்புடையாரைச் சேர்க்கைப் பணியிலிருந்தேனும் விடுவித்தால், அந்நேரம் மாணவர் ஏடுகளுக்கு வந்து சேரும்.