அம்புக்குறி மட்டும் போதாது

கேள்வி: ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் மாமனாருக்கு இரண்டாம் உலகப் போர்க் காலக் கைக்கடிகாரம் வாங்கித் தர ஆசை. அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, கோவை

பதில்: பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 12 நிறுவனங்கள் செய்து, 1945 வாக்கில் வழங்கப்பட்ட கடிகாரங்களைத் தேடுங்கள். கறுப்பு முகப்பு, 6 மணி இடத்தில் தனி விநாடி முள், முகப்பிலும் பின்மூடியிலும் அம்புக்குறி. பின்மூடியில் ‘டபிள்யூ’ மூன்று முறை. இவற்றில் ‘கிரானா’ அரிது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ‘சீமா’, ‘ரெக்கார்ட்’ பரவாயில்லை.

அம்புக்குறியை யார் வேண்டுமானாலும் பொறித்துவிடலாம். அதனால் பின்மூடியைத் திறந்து உள் இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘ஒமேகா’ என்றால் உள்ளே ‘30டி2’ இருக்க வேண்டும். ‘லாஞ்சீன்ஸ்’ என்றால் ‘12.68இசட்’. எண்பது வயது முகப்பு பளபளவென்று மின்னினால், புதுப் பெயின்ட் என்று கொள்ளலாம். ஆனால் வட்டத்துக்குள் ‘டி’ என்ற எழுத்தைக் கண்டு பயப்படாதீர்கள். ரேடியம் முகப்பை எடுத்துவிட்டு ட்ரிட்டியம் பூசிய முகப்பை ராணுவமே பிற்பாடு பொருத்தியதன் அடையாளம் அது. பழைய ரேடியம் முகப்பாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்ட வேண்டாம்.

பின்மூடியைத் திறக்க மறுக்கும் கடைக்காரரிடம் பேரம்கூடப் பேசாதீர்கள்.