ஒழுகும் கூரைக்கு எந்த வழி? ஏற்காட்டு வாடகைதாரருக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காட்டில் மே மாதத்தில் பார்த்தால் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி அடைமழை இறங்கிய பிறகுதான் எந்த ஓடு விரிந்திருக்கிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எந்தக் கதவின் நிலையைக் கரையான் தின்றிருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். அந்த நேரத்தில் ஹவுஸ் ஓனர் சேலத்திலோ பெங்களூரிலோ இருப்பார். போன் போட்டால் "மழை விடட்டும், பாத்துக்கலாம்" என்பார். மழை விட்டதும் ஒழுகலும் நிற்கும், பேச்சும் நின்றுவிடும். அடுத்த வருஷம் அதே சுவர், அதே ஓதம், கூடவே ஷாக் அடிக்கும் சுவிட்ச் போர்டு.

இந்த நிலையில் குடித்தனக்காரர்கள் எடுக்கும் வழிகள் ஐந்து. பொறுத்துப்போவது, தாமே பழுது பார்த்து வாடகையில் கழிப்பது, புகார் கொடுப்பது, காலி செய்வது, வாடகையை நிறுத்திவிடுவது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மூன்று கேள்விகள் தீர்மானிக்கும். வீடு எந்தச் சட்டத்துக்குள் வருகிறது? பழுது யார் பொறுப்பு? அந்த வீட்டில் இன்னும் எவ்வளவு காலம் இருக்கப் போகிறீர்கள்?

முதலில் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இது நகர்ப்புறத்துக்கான சட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பொருந்தும்.

ஏற்காடு நெடுங்காலம் ஊராட்சியாகவே இருந்த ஊர். பேரூராட்சியாகத் தரம் உயர்த்தும் அறிவிப்பு 2025 தொடக்கத்தில் வந்தது. நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை பக்கம் குடியிருப்பவரின் நிலைமை வேறு, ஏரியைச் சுற்றிக் குடியிருப்பவரின் நிலைமை வேறாக இருக்கலாம். ஆகவே ஓனரிடம் வீட்டு வரி ரசீதின் நகல் ஒன்று வாங்கி, வரி வசூலித்தது ஊராட்சியா பேரூராட்சியா என்று பாருங்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் பாதையைப் பிரிக்கிறது.

பேரூராட்சி என்றால் 2017 சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. அரசின் இணையதளம் வழியாகவே பதிவு நடக்கிறது. 11 மாத அக்ரிமெண்ட் போட்டால் எதுவும் பதிய வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது.

ஊராட்சி என்றால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். வாடகைதாரர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. அதன் 108-ஆம் பிரிவு, உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை நோட்டீசுக்குப் பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்கிறது. ஆனால் எந்தப் பழுது உரிமையாளர் கடமை என்ற பட்டியல் அதில் கிடையாது. உங்கள் ஒப்பந்தம்தான் அதைச் சொல்ல வேண்டும். "கூரை, சுவர், கதவு நிலை, மின் வயரிங், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றின் பழுதை உரிமையாளர் தம் செலவில் செய்து தர வேண்டும்" என்ற ஒரே வாக்கியம் போதும். அதை எழுதாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாய்ப்பேச்சில் குடியேறியவர்கள் அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

எது ஓனர் தலையில், எது உங்கள் தலையில்

2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைத் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள், வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது குழாய் மாற்றுதல், உள்ளும் புறமும் மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசுவலை எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு.

பாதுகாப்பு விஷயத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான். பூட்டும் கைப்பிடியும் மாற்றுவது உங்கள் பொறுப்பில் வருகிறது. பின்பக்கம் காபித் தோட்டம், அக்கம்பக்கத்தில் வார இறுதியில் மட்டும் ஆள் வரும் பூட்டிய பங்களாக்கள் என்று இருக்கும் வீட்டில் நல்ல பூட்டுக்காக ஓனரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண். 500, 1,000 ரூபாய் போட்டு அன்றைக்கே வாங்கிப் போடுங்கள். ஆனால் பூட்டைத் தாங்கும் நிலை கரையான் அரித்து, நாதாங்கி பிடித்து நிற்கவில்லை என்றால் அது கட்டடப் பழுது, ஓனர் செய்ய வேண்டியது. பொதுப் படிக்கட்டு விளக்கு, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதி ஆகியவை அத்தியாவசியச் சேவைகள். இவற்றை ஓனர் நிறுத்தினால் உடனே மீட்டுத் தரும்படி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். காம்பவுண்டு கேட், கேமரா, காவலாள் பற்றி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

எந்த வழிக்கும் முன்னால் ஒரு கடிதம்

பொறுத்துப்போவதை நான் வழி என்றே எண்ணவில்லை. அது காலத்தை ஓனருக்கு இனாமாகக் கொடுப்பது. ஒரு மழைக்கு மேல் பொறுக்காதீர்கள். போனில் பத்து முறை பேசியதைவிட எழுதிய ஒரு கடிதத்துக்கு மதிப்பு அதிகம். இரண்டு சட்டங்களும் உங்களிடம் முதலில் கேட்பது, ஓனருக்குத் தெரிவித்தீர்களா என்பதைத்தான்.

"ஐயா, தங்கள் வீட்டில் மாதம் ரூ. 8,000 வாடகையில் குடியிருக்கிறேன். சமையலறைக்கு மேலே நான்கு ஓடுகள் உடைந்து மழைநீர் சுவரில் இறங்குகிறது. அதே சுவரில் மெயின் சுவிட்ச் இருக்கிறது. பின்கதவின் நிலை அரித்துப்போய்த் தாழ்ப்பாள் நிற்பதில்லை. அக்டோபர் 31-க்குள் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் நானே செய்து, செலவை வாடகையில் சட்டப்படி கழித்துக்கொள்வேன். படங்களை இணைத்திருக்கிறேன்."

இவ்வளவுதான் வேண்டும். குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் வேண்டாம். தேதி, இடம், பழுது, கெடு நான்கும் இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் "அண்ணா, லெட்டர் அனுப்பியிருக்கேன், பாருங்க" என்று படங்களோடு ஒரு செய்தியும் போடுங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டோடு பதிவு வசதியும் ஒப்புகையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து கழிப்பது

தொடர்ந்து அதே வீட்டில் இருக்க நினைப்பவருக்கும் பழுது நடுத்தரச் செலவில் முடியக்கூடியவருக்கும் இதுவே சிறந்த வழி. குழந்தைகள் பள்ளியில் படிக்கும் குடும்பம் கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் இறங்கிச் சேலத்துக்கு அலைந்துகொண்டிருக்க முடியாது. இந்த வழியில் மழைக்கு முன்பே கூரை மூடிவிடும்.

2017 சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகை 8,000, ஓடும் மரச்சட்டமும் வயரிங்கும் சேர்த்துச் செலவு 22,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4,000 வீதம் ஐந்து மாதம், ஆறாவது மாதம் 2,000. அதாவது அரை வருஷம் உங்கள் பணம் ஓனரிடம் கடனாக நிற்கும். இரண்டு மாதத்தில் காலி செய்யும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். கீழேயிருந்து ஓடு ஏற்றிவரும் வண்டி வாடகையும் பில்லில் இருக்கட்டும். கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் பில் தரும் வழக்கம் இல்லாதவர்களாக இருந்தால் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி, பணத்தை ஜி-பேயில் அனுப்புங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். பழுதுக்கு மட்டுமே செலவு செய்யுங்கள். டைல்ஸ், பால் சீலிங் என்று இறங்கினால் அது பழுது அல்ல, அதைக் கழிக்க முடியாது.

புகார்

செலவு உங்கள் கைக்கு மீறியது, அல்லது ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி மிரட்டுகிறார் என்றால் புகாரே சரி. பேரூராட்சி எல்லைக்குள் என்றால் வாடகை அதிகாரி. அங்கே போவதற்கு ஒப்பந்தம் பதிவாகியிருப்பது பெரிய பலம். ஊராட்சி என்றால் உரிமையியல் நீதிமன்றம். அதற்கு முன் நான் பரிந்துரைப்பது சட்டப் பணிகள் ஆணைக்குழு. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள், ஆகவே இந்த உரிமை அவர்களுக்கு அப்படியே பொருந்தும். வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில் ஓனரை அழைத்துப் பேசவைக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்பட்ட சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. ஓனரோடு உறவு கெடாமல் காரியம் முடிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

காலி செய்வது

சுவர் பிளந்து நிற்கிறது, உத்தரம் வளைந்துவிட்டது என்றால் மற்ற கணக்கையெல்லாம் விட்டுவிட்டு வெளியேறுங்கள். வசிக்கத் தகுதியற்ற வீட்டை, எழுத்தில் கேட்டும் உரிமையாளர் பழுது பார்க்க மறுத்தால், வாடகை அதிகாரிக்கும் தெரிவித்து 15 நாள் எழுத்து நோட்டீஸில் விட்டுப்போகும் உரிமையை 2017 சட்டம் தருகிறது. அட்வான்ஸை, உங்கள் பாக்கி போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சாவியைக் கொடுக்கும் நாளில் வீடு முழுவதையும் வீடியோ எடுத்துவையுங்கள்.

"ரிப்பேர் பண்ணணும், நீங்க காலி பண்ணுங்க, முடிஞ்சதும் வாங்க" என்று ஓனரே சொன்னால், எந்தத் தேதியில் எந்த வாடகைக்குத் திரும்ப வருவீர்கள் என்பதை எழுதி வாங்காமல் பெட்டியைக் கட்டாதீர்கள். சுற்றுலா ஊரில் காலியான வீடு காட்டேஜாக மாற அதிக நாள் ஆகாது.

வாடகையை நிறுத்துவது வேண்டாம்

கோபத்தில் கை போகும் முதல் இடம் இது. ஆனால் 2017 சட்டப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்பு நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால், அதையே காரணமாகக் காட்டி உங்களை வெளியேற்றக் கேட்கலாம். அதோடு வழக்கின் பேச்சு ஒழுகும் கூரையிலிருந்து உங்கள் பாக்கிக்குத் திரும்பிவிடும். ஓனர் வாடகை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டுங்கள். மறுபக்கம், நீதிமன்ற வழியில்லாமல் உங்கள் சாமானைத் தூக்கி வெளியே வைத்துப் பூட்டுப் போட ஓனருக்கு உரிமை இல்லை. அப்படி வெளியேற்றப்பட்டால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டில் திரும்ப நுழையலாம்.

லீஸ் வீடும் லைன் வீடும்

மொத்தத் தொகை கொடுத்து லீஸுக்கு இருப்பவர்களுக்கு மாத வாடகையே இல்லை, எனவே கழிப்பதற்கும் எதுவும் இல்லை. அவர்கள் பழுதுக்கு முன்பே, "இந்தச் செலவை லீஸ் தொகையோடு சேர்த்துத் திருப்பித் தருகிறேன்" என்று ஓனரிடம் எழுதி வாங்கிவிட வேண்டும்.

எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர் வாடகைதாரரே அல்ல, தொழிலாளி. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கட்டித் தருவதையும் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள காபித் தோட்டங்களுக்குக் குடியிருப்பு, குடிநீர், கழிப்பறை என்ற கடமை அவற்றில் தொடர்கிறது. தோட்ட நிர்வாகம் தந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தாலோ காயப்பட்டாலோ இழப்பீடு உண்டு. இடிந்ததற்கு முழுக் காரணமும் குடியிருந்தவரின் தவறாகவோ இயற்கைச் சீற்றமாகவோ இருந்தால் மட்டும் கிடையாது.

மழையில் சுவர் விழுந்தால் "இயற்கைச் சீற்றம்" என்றுதான் முதலில் சொல்வார்கள். மழைக்கு முன்பே விரிசலைப் படமெடுத்து, நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் தேதியிட்டு எழுதிய புகாரின் நகல் உங்கள் கையில் இருந்தால் அந்தப் பேச்சு எளிதில் எடுபடாது. எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதித் தரட்டும், சங்கத்தில் இருப்பவர்கள் எழுதித் தரட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புகார் செப்டம்பருக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.