தீர்ப்பும் சட்டமாகும்

சட்டம் என்பது சட்டசபை இயற்றிய ஏட்டில் மட்டுமே உள்ளது என நம் வணிகர் பலர் எண்ணுகின்றனர். ஆங்கிலேயர் முறையைப் பின்பற்றும் மலேசிய, சிங்கப்பூர் சிவில் கோர்ட்டுகளில் அப்படியன்று. மேல்கோர்ட்டு ஒரு வழக்கில் தரும் தீர்ப்பு, அதையொத்த பின்வழக்குகளில் கீழ்க்கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தும். தீர்ப்பின் எல்லாச் சொற்களும் அல்ல, முடிவுக்கு ஆதாரமான காரணமே கட்டுப்படுத்துவது. நீதிபதி இடையே கூறும் பிற கருத்துகளுக்கு மதிப்புண்டு, கட்டாயமில்லை.

காழியின் தீர்ப்பு இதனின்றும் வேறானது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒரு வாரிசு வழக்கில், தாய்வழிச் சகோதரருக்குப் பங்களித்து, உடன்பிறந்த சகோதரருக்குப் பங்கில்லை என்றார்கள். பின்னர் அதுபோன்ற வழக்கில் இரு சாராரையும் பங்காளிகளாக்கினார்கள். ஆயினும் முந்திய தீர்ப்பை முறிக்கவில்லை. ஓர் இஜ்திஹாதை மற்றோர் இஜ்திஹாத் முறிக்காது என்பது ஃபிக்ஹு விதி. அத்தீர்ப்பு வழக்காளிகளைக் கட்டும். அடுத்த வழக்கைக் கட்டாது.

ஆங்கிலேயர் முறையின் வலிமையை ஒரு வக்பு வழக்கு காட்டும். வங்காளத்துச் சகோதரர் இருவர் சொத்தைத் தம் சந்ததியாருக்கு வக்பு செய்து, வமிசம் அற்றால் ஏழைகளுக்கு என எழுதினர். இதில் தர்மம் பெயரளவே எனக் கூறி, இலண்டன் பிரிவி கவுன்சில் 1894-ல் அதைச் செல்லாதாக்கியது. குடும்பத்தாரைப் பேணுவதும் தர்மமே என நீதிபதி அமீர் அலி 1892-ல் கல்கத்தாவில் எழுதியது ஏற்கப்படவில்லை. இந்தியக் கோர்ட்டுகள் யாவும் அத்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டன.

முஸ்லிம்கள் முறையிட்டனர். ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913-ல் சட்டமாகி, அத்தகைய வக்புகளைச் செல்லுபடியாக்கியது. அது முந்திய வக்புகளுக்குப் பொருந்தாது என 1922-ல் பிரிவி கவுன்சில் கூறவே, 1930-ல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. ஒரு தீர்ப்பை முழுதும் மாற்ற 36 ஆண்டுகள் சென்றன!

அச்சட்டங்கள் இந்தியாவுக்கே உரியவை. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றம் அதே பிரிவி கவுன்சில்தான். அம்முறையீடு மலேசியாவில் 1985-லும் சிங்கப்பூரில் 1994-லும் முற்றிலும் நின்றது. ஆனால் அதன் பழைய தீர்ப்புகள் அன்றே மறைந்துவிடவில்லை. அவற்றை விலக்க இந்நாடுகளின் உச்ச கோர்ட்டோ சட்டமன்றமோ முன்வரவேண்டும்.

ஆகவே, வக்புப் பத்திரமோ கூட்டு வியாபார ஒப்பந்தமோ எழுதுமுன், "சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "இது பற்றி எந்தத் தீர்ப்பு இன்று நிலைத்திருக்கிறது?" என்றும் வழக்கறிஞரைக் கேளுங்கள். நிய்யத்து நல்லதாயினும், பத்திரம் கோர்ட்டில் நிற்கவேண்டுமல்லவா?