தொட்டுப் பார்க்கலாம்: சேலம், நாமக்கல்லிலிருந்து ஓர் அறிவியல் சுற்றுலா

சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஏற்காடு, கொல்லிமலை, ஒகேனக்கல். மூன்றும் அழகான இடங்கள்தான். ஆனால் வீட்டில் ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளை ஒன்று இருந்தால், அடுத்த விடுமுறையை வேறு மாதிரித் திட்டமிடுங்கள். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பாறைக்காடு, திருச்சியில் ஓர் அறிவியல் மையம், மேட்டூரில் அணை, ஜவ்வாது மலையில் ஒரு வானாய்வகம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க நினைக்காதீர்கள். என் அக்கா மகளையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்வந்த பிறகு எழுதுகிறேன். அவள் ஏழாம் வகுப்பு, அவன் நாலாம் வகுப்பு. எனக்குப் பிடித்த இடங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சித்தம்பூண்டிக்குப் போங்கள். நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் வட்டாரத்துக் கிராமம். டிக்கெட் கவுன்டர், கேன்டீன், செல்ஃபி பாயின்ட் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். மானாவாரிக் காடுகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று கல் தலைகாட்டும். அங்கங்கே கறுப்புப் புள்ளிகளும் கறுப்புக் கீற்றுகளும் ஓடும். பார்த்தால், கிணறு வெட்டும்போது கிடைக்கிற சாதாரணக் கல் என்றுதான் தோன்றும். அதன் பெயர் அனார்த்தோசைட். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நிலாவின் வெளிச்சமான மேட்டு நிலங்கள் பெரும்பாலும் இந்த வகைப் பாறையால் ஆனவை.

சந்திரயான்-2 திட்டத்துக்காக லேண்டரையும் ரோவரையும் ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலா மண் தேவைப்பட்டது. அமெரிக்காவில் செயற்கை நிலா மண் விலைக்குக் கிடைத்தது. கிலோ 150 டாலர் என்றால், 60, 70 டன் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். அப்போதுதான் சித்தம்பூண்டி, அதே மாவட்டத்துக் குன்னமலைப் பாறைகள் பக்கம் பார்வை திரும்பியது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை, திருச்சி என்.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் எல்லாம் கை கொடுத்தன. கல்லை வேண்டிய அளவுக்குப் பொடியாக்கி பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சோதனைத் தளத்தில் பரப்பினார்கள். இந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் லேண்டர் விக்ரம் நிலாவில் இறங்கியதும் ரோவர் பிரக்யான் ஊர்ந்து போனதும் நம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சக்கரங்கள் நிலாவை மிதிக்கும் முன்பே நாமக்கல் மண்ணில் பழகிவிட்டன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் மாவட்டப் பள்ளிக்கூடங்களின் சுவரில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன்.

இறங்கிய இடத்து மண்ணைப் பிரக்யான் ஆராய்ந்து அனுப்பிய விவரமும் இந்தப் பாறையின் உறவைத்தான் காட்டியது. ஆதியில் நிலாவின் மேற்பரப்பு முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்திருக்க வேண்டும். கனமான தாதுக்கள் அடியில் தங்க, கனம் குறைந்தது மேலே மிதந்து வந்து உறைந்தது. கொதிக்கிற பாலில் ஆடை மேலே வருவதைக் காட்டிச் சொன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். அந்த ஆடைதான் நிலாவின் அனார்த்தோசைட்.

போகும்போது ஒரு பூதக்கண்ணாடியும் காந்தத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் வேண்டாம். காடு யாருடையது என்று விசாரித்து, அனுமதி கேட்டு உள்ளே போங்கள். கேட்டுவிட்டுப் போனால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நாங்கள் பார்த்த பெரியவர் ஒருவர் வரப்பில் நின்று, எந்தப் பக்கம் கல் நன்றாகத் தெரியும் என்று தானே வழிகாட்டினார். பாறையைப் பெயர்க்காதீர்கள், மூட்டை கட்டி எடுத்துவராதீர்கள். முடிந்தால் பௌர்ணமியை ஒட்டிய நாளில் போங்கள். பகலில் கல்லைத் தொட்டுவிட்டு, ராத்திரி வீட்டு மொட்டை மாடியில் நிலாவைக் காட்டுங்கள். பாட்டிமார் முயல் என்று காட்டும் கறுத்த திட்டுகள் பிற்பாடு பொங்கி உறைந்த எரிமலைக் குழம்பு. சுற்றியிருக்கும் வெளுப்பு, காலையில் கையில் தடவிப் பார்த்த அதே இனம். இதைச் சொன்னபோது அக்கா மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எத்தனை ரூபாய் கொடுத்தாலும் எந்தத் தீம் பார்க்கிலும் அந்த முகம் கிடைக்காது.

அடுத்தது திருச்சி. விமான நிலையம் பக்கம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது அண்ணா அறிவியல் மையமும் கோளரங்கமும். 1999-இலிருந்து இயங்குகிறது. நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி வழியாகக் காவிரியோரம் போகிற பாதை வாழைத் தோட்டங்களும் தண்ணீருமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்சி வண்டிக்குப் பஞ்சமில்லை, மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்துவிட்டதால் வண்டி எங்கே நிற்கும் என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கட்டணம் அதிகமில்லை. கோளரங்கில் தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் தனித்தனி நேரம். தமிழ்க் காட்சிக்கே போங்கள்.

கோளரங்கின் குவிமாட இருட்டில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக முளைக்கிற நேரம் பிள்ளைகளுக்குப் பெரிய விருந்து. என்றாலும் என் ஓட்டு, மையத்தில் தொட்டு இயக்குகிற கருவிகளுக்குத்தான். கைபடக் கூடாது என்று கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்த அறிவியலுக்கு மாற்றாக இந்த வகை மையங்கள் பிறந்ததற்கு ஒரு கதை உண்டு. அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி ஃபிராங்க்கும் இயற்பியலாளர். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்து மாடு வளர்த்தார், கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். பழைய சாமான்களை வைத்துப் பிள்ளைகளைச் சோதனை செய்ய விட்ட அனுபவம்தான் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியத்துக்கு வித்து. நம் நாட்டில் அதற்கும் முன்பே, 1959-இல் கொல்கத்தாவில் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம் 1987-இலும், சென்னை பிர்லா கோளரங்கம் 1988-இலும் திறந்தன.

எந்த ஊர் அறிவியல் மையத்துக்குப் போனாலும் சில கருவிகளைத் தேடிப் பிடியுங்கள். எதிரெதிராகத் தூரத்தில் நிற்கும் இரண்டு குழிவான பெரிய தட்டுகள். ஒன்றின் முன்னால் நின்று காதோடு பேசுகிற அளவுக்குப் பேசினால், மறுமுனையில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். கலைந்து போக வேண்டிய ஒலியைத் தட்டு ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்புகிறது, எதிர்த்தட்டு அதை ஒரே புள்ளியில் சேர்க்கிறது. வீட்டு மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனா வேலை செய்வதும் இதே கணக்கில்தான் என்று பிள்ளையையே கண்டுபிடிக்க விடுங்கள். பிறகு சுழலும் நாற்காலி. கையை விரித்துச் சுற்றிவிட்டு, கையை மார்போடு ஒடுக்கினால் வேகம் கூடும். பரதநாட்டியமோ கரகாட்டமோ பழகிய பிள்ளைக்கு உடம்பால் முன்பே தெரிந்த விஷயம், இப்போது காரணமும் தெரியும். அப்புறம் கப்பி. ஒற்றைக் கப்பியில் தன்னையே தூக்க முடியாத பையன், நாலு கப்பியில் கயிறு இழுத்துத் தானே மேலே ஏறுவான். ஆனால் கயிறு நீளமாக இழுக்க வேண்டியிருக்கும். இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை என்பது அவன் உள்ளங்கைக்கே தெரிந்துவிடுகிறது.

ஒரு கருவிக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். "அடுத்தது, அடுத்தது" என்று விரட்டுகிற பெரியவர்கள்தான் இந்த இடங்களின் முதல் எதிரி. பள்ளிக்கூட வேன்கள் வரிசையாக வந்து நிற்கிற நாட்களைத் தவிருங்கள். விசிலடித்து வரிசையில் ஓட்டிப்போகிற கூட்டத்தில் ஒரு பிள்ளையும் எதையும் தொட்டு முடிப்பதில்லை. ஓர் அறிவியல் மையத்துக்கு நல்ல ஆண்டு எது என்று கேட்டால், அதிக டிக்கெட் விற்ற ஆண்டை நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் கை பட்டால் பட்டன் தேயும், பேரிங் இறுகும், கயிறு அறும். பழுதானதெல்லாம் மறுவாரமே சரிசெய்யப்பட்டு, ஒரு முறை வந்த பிள்ளை அப்பாவை இழுத்துக்கொண்டு மறுபடி வந்தால், அதுதான் அந்த மையத்தின் வெற்றி ஆண்டு.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஒன்று. ஊர் பெயர் வேண்டாம், மலை மேல் ஒரு காட்சிமுனை. கார் நின்றதும் இரண்டு பேர் கதவருகே வந்துவிட்டார்கள். "தொலைநோக்கியில பாருங்க சார், அணை தெரியும், ரயில் தெரியும்" என்று. பிள்ளைகள் ஆசையாக ஓடின. ஆளுக்குக் காசு வாங்கிக்கொண்டு, எக்கி நின்ற பையன் ஒரு கண்ணை மூடிப் பழகும் முன்பே தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். "மாமா, எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்றான். லென்ஸில் விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு. கூர்மையைத் திருப்பிச் சரிசெய்யும் வளையத்தில் டேப் ஒட்டியிருந்தது. திரும்பக் கேட்டதற்கு, பின்னால் ஆள் நிற்கிறது பார் என்ற அதட்டல். பணத்தை விடுங்கள். முதல் முறை தொலைநோக்கியைத் தொட்ட ஒரு பையனுக்கு, அதில் ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தை ஊட்டி அனுப்பிய கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. மலைக் காட்சிமுனைத் தொலைநோக்கிகளுக்குப் போகாதீர்கள். அந்தக் காசைச் சேர்த்து ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்கள்.

சேலத்தில் மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களைச் சுற்றிக் காட்டுவதாகச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். சுரங்கம் வேலை நடக்கிற இடம், கைவிட்ட பள்ளங்கள் ஆபத்தானவை. சாலையிலிருந்தே வெளுத்த மேடுகள் தெரியும். உலைகளுக்குச் சூடு தாங்கும் செங்கல் செய்யும் மேக்னசைட் அதுதான் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

மேட்டூருக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் கையில் அன்றைய நாளிதழோடு. 1934-இல் முடிந்த அணை. உயரம் 214 அடி. நாம் செய்தியில் கேட்கும் 120 அடி என்பது நீர்த்தேக்கத்தின் முழு மட்டம், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தால் ஒரு டி.எம்.சி. சேரும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, நாளிதழில் உள்ள நீர்வரத்தையும் நீர் வெளியேற்றத்தையும் பிள்ளையிடம் கொடுங்கள். நாளைக்கு அணையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடச் சொல்லி, மறுநாள் செய்தியோடு ஒத்துப் பாருங்கள். அக்கா மகள் இந்த விளையாட்டை வாரக்கணக்கில் விடவில்லை. ஆவியாகிப் போவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவளே ஒரு நாள் சொன்னாள். தண்ணீர் நன்றாக இறங்கிய காலத்தில் போனால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் நீருக்கு மேலே தெரியும். அணை கட்டியபோது முழுகிய ஊர்களின் அடையாளங்கள் அவை. பவள விழா கோபுரத்தில் ஏறினால் நீர்ப்பரப்பு முழுதும் விரியும். மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். ஞாயிறும் ஆடிப்பெருக்கும் வேண்டாம், மூச்சுவிட இடமிருக்காது.

கடைசியாகக் காவலூர். சேலத்திலிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏற வேண்டும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தபோது, அந்த நிகழ்வைக் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-இல் திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. பொதுமக்களுக்குச் சனிக்கிழமைகளில்தான் அனுமதி, முன்கூட்டியே விசாரித்துப் பதிந்துவிட்டுப் போங்கள். வானம் தெளிந்தால் சிறிய தொலைநோக்கியில் கோள்களைக் காட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் போனால் மேகம்தான் தெரியும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். இரவில் இறங்கப் பேருந்தை நம்ப முடியாது. சொந்த வண்டி அல்லது வாடகை காரில் போங்கள், ஆலங்காயத்திலேயே சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள்.